அசுவினியின் அபாயக் கூக்குரல்

“முட்டைக்கோஸில் அசுவினி. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துத் தெளித்தால் கேட்குமா?” நீலகிரிச் சோலூர் வாசகர் ஒருவரின் கேள்வி.

ஒரே வாரத்தில் தோட்டம் சுத்தம் என்கிற வீடியோக்களை நானும் பார்த்தேன். தெளிக்காமல் விட்ட பாத்தியைப் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் ஒருவருமில்லை. நம்பகமானது வேப்பங்கொட்டைதான். ஆனால் வேம்பு மலைக்குளிரில் வளராது. கொட்டையைச் சமவெளியிலிருந்து ஏற்ற வேண்டும். இன்னொரு சிக்கல்: இலையைக் கடிக்கும் புழுவுக்குத்தான் கசப்பு உறைக்கும். அசுவினி ஊசி வாயை நேரே சாற்றுக்குழாயில் செருகி உறிஞ்சுகிறது; இலைமேல் பூசிய கசப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, கரைசல் அதன் உடலிலேயே பட வேண்டும்.

என்னை மயக்குவது பைரித்ரம். செவ்வந்தியின் உறவு, வெள்ளைப் பூ, பழைய கொசுவர்த்திச் சுருளின் மூலப்பொருள். 1940களில் நீலகிரியிலும் பயிரிட்டார்கள். பிறகு கென்யாவும் செயற்கை மருந்துகளும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. வரலாறு இவ்வளவு போதும்.

பொறிவண்டு ஓர் அசுவினியைக் கவ்வியதும், அந்த அசுவினியின் பின்புறத்து இரு குழல்களில் ஒரு துளி கசியும். அதிலிருக்கும் பீட்டா ஃபார்னசீன் வாசனை பட்டதும் அக்கம்பக்கத்து அசுவினிகள் வாயை உருவிக்கொண்டு நகரும், சில பொத்தென்று கீழே விழும். பைரித்ரத்தின் இளம் பூவும் இதே வாசனையை வீசுகிறது. அசுவினி விலகுகிறது, பொறிவண்டு தேடி வருகிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. “காட்டெருமை வருது!” என்று கேரட் தோட்டமே கூவுவதுபோல. கேரட் திருட வந்தவன் ஓடுவான், வனத்துறை ஜீப்பும் வந்து நிற்கும்.

ஆனால் அதே கூச்சலை ஒலிபெருக்கியில் இரவு பகலாகப் போட்டால்? முதல் நாள் ஓட்டம், இரண்டாம் நாள் எட்டிப் பார்ப்பு, மூன்றாம் நாள் திருடன் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பான். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இந்த வாசனையை ஓயாமல் வீசும்படி கோதுமையின் மரபணுவை மாற்றினார்கள். ஆய்வகத்தில் அசுவினி ஓடியது. 2012, 2013 வயல் சோதனைகளில் அசையவில்லை. வாசனை விட்டுவிட்டு வராததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

பைரித்ரம் மருந்தையே வாங்கி அடிக்கலாமே என்றால், அது பொறிவண்டையும் தேனீயையும் மீனையும் சேர்த்தே கொல்லும். ‘இயற்கை’ என்று டப்பாவில் அச்சடித்திருப்பது அவற்றுக்குத் தெரியாது.

வாசகருக்கு: 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்கள். கோஸ் அசுவினியின் உடலில் சாம்பல் நிற மெழுகுப் பொடி உண்டு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். வேப்பஞ்சாறு வெயிலில் சிதையும் என்பதால் சாயங்காலம் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. பூண்டுக் கரைசல் கேட்பதும் பாதி அதில் கலக்கும் சோப்பால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.