கொக்குக்குள் எறும்புப் பொடி… தெரியுமா?

காலை ஆறரைக்குத் திரு.வி.க. பாலத்து நடைபாதையில் நின்று பாருங்கள். முதுகுக்குப் பின்னால் 29சி பஸ் உறுமிக்கொண்டு போகும். கீழே அடையாற்றுச் சேற்றில், பழுப்புச் சால்வை போர்த்திய தாத்தா மாதிரி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. படக்கென்று எழும்பிப் பறக்கும்போதுதான், அடேயப்பா, இறக்கை முழுக்கப் பளீர் வெள்ளை!

இந்த மடையான் ஒரு காலத்தில் நம் வீட்டு எறும்புப் பொடியை உடம்பில் சுமந்துகொண்டு திரிந்தது, தெரியுமா?

எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா இருக்கும். கமாக்சின். சர்க்கரை டின்னைச் சுற்றி அம்மா அதைக் கோலப்பொடி மாதிரி இரண்டு விரலால் இழுப்பாள். மக்கிப்போன அந்த நெடி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதைப் படிக்கும்போதே மூக்கில் ஏறும். வயலில் பி.ஹெச்.சி. தூள் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டியதும் இதே குடும்பம்தான். விஞ்ஞானிகள் ஹெச்.சி.ஹெச். என்பார்கள். தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பில் சுகமாகக் கரையும். பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கொக்குக்கு. ஒவ்வொரு படி ஏறும்போதும் அளவு கூடும். ஔவையார் காலத்திலிருந்து உறுமீனுக்காகக் காத்திருக்கும் கொக்குக்கு, மீனோடு இதுவும் வந்து சேர்ந்தது!

1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தனாபே, செந்தில்குமார், கண்ணன், சுப்ரமணியன். ஒரு ஜப்பானியப் பெயர், மூன்று தமிழ்ப் பெயர்கள். தென்னிந்தியாவில் சேகரித்த பறவைகளை முழு உடலாக அரைத்து, உள்ளே என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று அளந்தார்கள். உள்ளூர்ப் பறவைகளில், உடலின் ஒவ்வொரு கிராமுக்கும் 14 முதல் 8,800 நானோகிராம் வரை ஹெச்.சி.ஹெச்.! ஒரு நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தம்மாத்துண்டு என்று தோன்றும். ஆனால் மற்ற நாடுகளில் அதுவரை வந்திருந்த கணக்குகளோடு வைத்துப் பார்த்தபோது, ஹெச்.சி.ஹெச். விஷயத்தில் நம்மூர்ப் பறவைகளுக்குத்தான் உலகத்திலேயே முதலிடம்! இந்த ஒரு போட்டியில் தோற்றிருக்கலாம்.

அதே கட்டுரையில் என்னைத் தூங்கவிடாத வரி ஒன்று இருக்கிறது. ஆண் பறவைகளில் நஞ்சு அதிகம், பெண் பறவைகளில் குறைவு. ஏன் தெரியுமா? பெண் முட்டையிடுகிறது! மஞ்சள்கரு முழுக்கக் கொழுப்பு. தாயின் உடம்பில் சேர்ந்திருந்தது அந்தக் கொழுப்போடு சேர்ந்து முட்டைக்குள் இறங்கிவிடுகிறது. தாய்க்குப் பாரம் குறைகிறது. குஞ்சோ, ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு முன்பே கடனாளி.

இன்னொரு புதிர். வலசை வரும் பறவைகளில் ஹெச்.சி.ஹெச்.சைவிட பி.சி.பி. தூக்கலாக இருந்தது. பி.சி.பி. என்பது பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் எண்ணெயில் இருந்த சரக்கு, தொழிற்சாலை நாடுகளின் முத்திரை. ஆக, பறவையைச் சோதித்தாலே அது எந்தெந்த ஊரில் சாப்பிட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம், பாஸ்போர்ட்டைப் புரட்டுவது மாதிரி! மேல்நோக்கி வளைந்த மூக்கோடு ரஷ்யப் பக்கத்திலிருந்து வரும் டெரெக் உள்ளான், குட்டியூண்டு பட்டாணி உப்புக்கொத்தி, நம் மடையான், இந்த மூன்றுக்கும் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தால் ஆபத்து இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். குளிர்காலத்தை இங்கே கழிக்க வரும் விருந்தாளிகள் நம்முடைய ஹெச்.சி.ஹெச்.சையும் டி.டி.டி.யையும் கட்டுச்சோறாக வாங்கிப்போகிறார்கள் என்பதும் அவர்கள் முடிவு. சத்திமுத்தப் புலவர் நாரையிடம் சொல்லி அனுப்பிய சேதி வேறு, நாம் கொடுத்து அனுப்பியது வேறு. (கமாக்சின் கதைக்கு ஒரு முற்றுப்புள்ளி உண்டு: பி.ஹெச்.சி.க்கு இந்தியா 1997இல் தடை போட்டது.)

அந்த நால்வரில் கண்ணன் இருக்கிறாரே, குருந்தாசலம் கண்ணன், அவர் அடுத்துச் செய்ததுதான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. சோபாவில் ஃபில்டர் காபி கொட்டினால்கூடக் கறை ஒட்டாது என்று விற்றார்களே, அந்த வித்தைக்குப் பின்னால் பி.எஃப்.ஓ.எஸ். என்றொரு ரசாயனம் இருந்தது. அது வீட்டோடு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2001இல் ஜான் கீஸியும் கண்ணனும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த உயிரினங்களின் ரத்தத்தையும் ஈரலையும் சோதித்தார்கள். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகில் இருந்தது. துருவக் கரடியில் இருந்தது. பசிபிக் மகா சமுத்திரத்தின் நட்டநடுவே, மிட்வே தீவின் ஆல்பட்ராஸ் பறவையின் ரத்தத்தில்கூட இருந்தது! வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடல்மேலேயே கழிக்கும் பறவை அது, சோபாவை எங்கே பார்த்தது? அதுவும் இந்தச் சரக்கு கொழுப்பில் தங்குவதில்லை, ரத்தத்தின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. பழைய பாணியில் கொழுப்பை மட்டும் சோதித்திருந்தால் கோட்டைவிட்டிருப்பார்கள். 2009இல், நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பி.எஃப்.ஓ.எஸ். ஏறியது.

சரி, ஆய்வுக்காகப் பறவைகளைக் கொல்லலாமா? நியாயமான கேள்வி. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். நமக்குப் பொங்கல் வரும் நாளில் அகமதாபாத்தில் பட்டத் திருவிழா. மாஞ்சாக் கயிறு அறுத்துப் பறவைகள் பொத்துப்பொத்தென்று விழும். மாஞ்சா என்றால் என்னவென்று சென்னைக்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? அப்படி விழுந்து செத்தவற்றைச் சேகரித்துத்தான் பூச்சிமருந்து எச்சத்தை அளந்தார்கள். அந்த மையத்தின் முரளிதரன் அதற்கு முன்பே பரத்பூரில் துப்பறிந்தவர். அங்கே சாரஸ் கொக்குகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோது, ஆல்ட்ரின் என்ற பூச்சிமருந்துதான் குற்றவாளி என்று 1993இல் எழுதினார்.

முட்டை ஓட்டின் கதை இதையெல்லாம் மிஞ்சும். இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப், சேகரிப்பாளர்கள் பெட்டி பெட்டியாக வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டுப் பார்த்தார். டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துபோயிருந்தது! 1967இல் அதை வெளியிட்டார். டி.டி.டி. உடைந்து உண்டாகும் பொருள், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவிடாமல் தடுக்கிறது. மூன்றே ஆண்டில், கலிஃபோர்னியாவின் அனகாபா தீவில் கூழைக்கடாக்கள் 552 கூடு கட்டின. தேறிய குஞ்சு எத்தனை? ஒன்று! கூழைக்கடா வயிற்றுச் சூட்டில் அடைகாக்காது, முட்டைமேல் சவ்வுக் காலை வைத்துத்தான் காக்கும். நொறுங்கிய முட்டைமேல் நின்றுகொண்டிருந்த தாய்களை நினைத்துப் பாருங்கள்.

பூச்சிமருந்துதான் கொல்லும் என்றில்லை. மூட்டுவலிக்கு உஸ்மான் சாலை மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் கேட்டால் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பார்கள். அதே மருந்து ஊசியாக மாட்டுக்குப் போய், மாடு செத்து, அதைப் பாறு கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் சில நாளில் காலி! 2004இல் கண்டுபிடித்தார்கள், 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன், பெருங்குடி இருக்கிறதே! பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது, பூநாரைகூட வந்து நிற்கும் இடம். அதே சதுப்பின் ஓரத்தில், பெருங்குடியில், நகரத்தின் குப்பைக் கிடங்கு. குப்பை அரைகுறைச் சூட்டில் புகைந்தால் டையாக்சின் என்ற நஞ்சு பிறக்கும். ஆசியாவின் திறந்தவெளிக் குப்பைமேடுகளின் மண்ணை ஆராய்ந்து 2003இல் விஞ்ஞானிகள் எச்சரித்த இடங்களில் பெருங்குடியும் ஒன்று. அந்தக் குப்பையைக் கிளறித்தான் பருந்தும் காக்கையும் வயிறு வளர்க்கின்றன. 1998 ஆய்விலும், ஹெச்.சி.ஹெச்., டி.டி.டி. அதிகம் சேர்ந்திருந்த கூட்டத்தில் மீன் தின்னும் பறவைகளோடு குப்பை பொறுக்கும் பறவைகளும் இருந்தன.

போன அமாவாசைக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அம்மா சோறு வைத்தாள். பருப்பு, நெய், ஒரு வடை. “கா… கா…” என்று நாலு தரம் கூப்பிட்ட பிறகு ஒரு காக்கை வந்தது. வாயில் ஏற்கெனவே எங்கிருந்தோ கொண்டுவந்த எலும்புத் துண்டு. அதைத் தண்ணீர் டேங்க் மூடிமேல் பத்திரமாக வைத்துவிட்டு, வடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடையாறு பக்கமாகப் பறந்துபோனது.