மூங்கில் கம்பிலிருந்து ஒலிம்பிக் வரை!

வாள்வீச்சு என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது எம்.ஜி.ஆரும் நம்பியாரும்தான். மேஜை மேல் ஏறி, மாடிப்படியில் இறங்கி, சர விளக்கை அறுத்து... அப்பப்பா! அதே வாளை ஒரு பெண் கையில் எடுத்து, அதையே வாழ்க்கையாக வைத்துக் கொள்வாள், அதுவும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்புவாள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

சி.ஏ. பவானி தேவியைத்தான் சொல்கிறேன். 1993 ஆகஸ்ட் 27-ந் தேதி சென்னையில் பிறந்தவர். அப்பா கோவில் குருக்கள். அம்மா நம்மைப் போல வீட்டைப் பார்த்துக் கொள்பவர். ஐந்து குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி. இப்படி ஒரு வீட்டில் மாசக் கடைசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2004-ல் முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனார் பவானி. மற்ற விளையாட்டுகளில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டதாம். மிச்சம் இருந்தது வாள்வீச்சு ஒன்றுதான். 'சரி, அதையே கொடுங்க' என்று சேர்ந்துவிட்டார். இது செலவு பிடிக்கிற விளையாட்டு, அப்பாவுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். இடம் போய்விடுமோ என்று பயந்து, உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லியிருக்கிறது குழந்தை! இதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். எனக்கென்னவோ படித்தபோது கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

பயிற்சிக்கு முதலில் நிஜ வாள் கிடையாது, மூங்கில் கம்புதான். வாள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அடிக்கடி உடையவும் உடையும். அதனால் நிஜ வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தி வைப்பார்களாம், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற பட்டுப் புடவை மாதிரி.

இந்த விளையாட்டு எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று வகை வாள் உண்டு. ஃபாயில், எப்பே, சேபர். பவானியுடையது சேபர். எடை அரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நீளம் மூன்றரை அடிக்குள். மற்ற இரண்டிலும் நுனியால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் வெட்டினாலும் உண்டு, குத்தினாலும் உண்டு. ஆனால் இடுப்புக்கு மேலே பட வேண்டும். தலையும் கையும் சேர்த்தி. மேல் சட்டையில் உலோக இழை ஓடுகிறது, முகமூடியிலும் மின்சாரம் பாயும். வாள் பட்டதும் விளக்கு எரியும். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் எரிந்தால், யார் முதலில் பாய்ந்தது என்று நடுவர் தீர்ப்புச் சொல்லுவார். 14 மீட்டர் நீளப் பாதையை விட்டு வெளியே போகக் கூடாது. முதலில் 15 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்! தொடையும் முழங்காலும் உறுதியாக இல்லாவிட்டால் இதில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது.

இன்னொரு விஷயம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு சேபர் போட்டியைச் சேர்த்ததே 2004-ல்தான். இங்கே பவானி மூங்கில் கம்பைப் பிடித்த அதே வருஷம்!

பதினாலு வயதில் முதல் வெளிநாட்டுப் போட்டி, துருக்கியில். மூன்று நிமிஷம் தாமதமாகப் போனதற்குக் கறுப்பு அட்டை காட்டிப் போட்டியை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போய், வாளைத் தூக்காமலே திரும்புவதென்றால்? பத்தாவது முடித்ததும் கேரளத்தில் தலசேரி விளையாட்டு ஆணையப் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அங்கே சாகர் லாகு என்ற பயிற்சியாளர் அவரை உருவாக்கினார். 2009-ல் மலேசியாவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் வெண்கலம்.

இதற்கெல்லாம் பணம்? அங்கேதான் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நகையை அடகு வைத்தார், கடன் வாங்கினார். கல்யாணத்துக்கென்று நகை சேர்க்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறோம். வயசுக்கு வந்த பெண் வெளிநாடு போய்க் கத்தி சுற்ற நகையைக் கழற்றிக் கொடுத்த அம்மாவை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசாமலா இருந்திருப்பார்கள்!

2015-ல் ராகுல் டிராவிட் பெயரிலான உதவித் திட்டத்தில் இடம் கிடைத்தது. தமிழக அரசும் கை கொடுத்தது. இத்தாலியில் லிவோர்னோ நகரில் நிகோலா சனோட்டியிடம் பயிற்சிக்குப் போனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் 2017-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் தங்கம், 2018-ல் கான்பெராவில் காமன்வெல்த் தங்கம் என்று வரிசையாக வந்தது. 2019-ல் அப்பா காலமானார். மகள் ஒலிம்பிக்கில் நிற்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 2021 மார்ச்சில் தகுதி பெற்றார். ஒலிம்பிக் வாள்வீச்சில் காலடி வைத்த முதல் இந்தியர், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து. ஜூலை 26, காலை வேளை. இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று ஊதித் தள்ளிவிட்டார்! அடுத்து பிரான்சின் மனோன் ப்ரூனே. 7-15 என்று தோல்வி. அந்த ப்ரூனேதான் பிறகு வெண்கலம் வாங்கினார் என்றால் எதிராளியின் தரம் புரியும். அன்றைக்கே பவானி, ஜெயிக்க முடியவில்லை என்று நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எதற்கம்மா மன்னிப்பு? நாங்களல்லவா உன் பெயரை அதற்கு முன் தெரிந்து வைத்துக் கொள்ளாமல் இருந்தோம்!

ஒலிம்பிக்கில் பிடித்த வாளைப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார். அது ஏலத்தில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் போனது. அதே வருஷம் அர்ஜுனா விருதும் வந்தது.

பலர் டோக்கியோவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 2023 ஜூன், சீனாவின் வூஷி நகரில் ஆசியப் போட்டி. கால் இறுதியில் எதிரே நின்றவர் ஜப்பானின் மிசாகி எமுரா, அப்போதைய உலக சாம்பியன். அதுவரை பவானி அவரை ஒரு தடவைகூட வென்றதில்லை. அன்று 15-10 என்று வீழ்த்தினார்! அரை இறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனப் தாயிபெகோவாவிடம் 14-15. ஒரே ஒரு புள்ளி! ஆனாலும் வெண்கலம் கைக்கு வந்தது. ஆசிய வாள்வீச்சில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. இந்தியாவிலிருந்து வேறு வாள்வீச்சு வீரர் யாரும் போகவும் இல்லை.