ஓலைக் கூடையின் நிறம் மாறாமல் படம் எடுக்க...

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் வண்ணக் கூடைகள் பின்னுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் சாப்ட்வேர் இன்ஜினியராக இருக்கும் நான், விடுமுறை நாட்களில் அவற்றைப் படம் எடுத்துத் தருவதுண்டு. இணையத்தில் வாங்குபவர் படத்தைத்தான் நம்புகிறார். நிறம் மாறினால் கூடை திரும்பி வரும்; பின்னியவருக்கு நஷ்டம்.

முதலில் பிளாஷையும் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். இருவகை வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் போதும். கூடையின் அருகே வெள்ளைத் தாளும் தெரியும்படி படம் எடுங்கள்.

இலவச மென்பொருளான கிம்ப்பில் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் செல்லுங்கள். வெள்ளைப் புள்ளியைத் தேர்வு செய்யும் பிக்கரால் தாளின் மேல் கிளிக் செய்தால் நிறம் சரியாகும். பிறகு தாளை கிராப் செய்து நீக்குங்கள். கூடையைத் திரையருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் படத்தை அனுப்புங்கள்.