நாய்க்கு எந்த இறைச்சி? ஈரமா, உலர்ந்ததா?

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பொட்டலத்துடன் வந்தாள். அமெரிக்காவிலிருந்து வந்த அவளுடைய மாமா வீட்டு நாய்க்காக வாங்கி வந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில், தக்கைபோல் எடையற்ற கட்டிகள்.

"சார், இது பச்சை இறைச்சியாம். ஆனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், கெட்டுப்போகாது என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இதில் கிருமியே இல்லை என்றுதானே பொருள்? அக்காள் குழந்தை இப்போதுதான் தவழ்கிறது. நாயின் தட்டில் கை வைக்காமல் இருக்காது" என்றாள்.

நல்ல கேள்வி. விடை சொல்லுமுன் அந்தக் கட்டி எப்படி உண்டானது என்று பார்ப்போம், மாணவர்களே!

வேகவைக்காத இறைச்சி நாய்களுக்காக இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஒன்று ஈரமானது, உறையவைத்து விற்பார்கள். மற்றொன்று உறையுலர் முறையில் நீர் நீக்கப்பட்டது. அலமாரியில் வைத்த அந்துருண்டை உருகாமலே நாளுக்கு நாள் சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். திண்மம் நேராக ஆவியாவதுதான் பதங்கமாதல். பனிக்கட்டியையும் இப்படி ஆவியாக்கலாம். ஆனால் அதற்குச் சுற்றிலும் உள்ள நீராவியின் அழுத்தம், நீரின் மும்மைப் புள்ளி அழுத்தமான 4.58 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர்! எனவே இறைச்சியை உறையவைத்து, மூடிய அறையில் இட்டு, பம்பு கொண்டு காற்றை வெளியேற்றி, மெதுவாக வெப்பம் தருகிறார்கள். பனி ஆவியாகப் போய்விடுகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகள். அதனால்தான் கட்டி தக்கைபோல் இருக்கிறது. தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த வேலைக்குச் செலவு அதிகம். ஒரு கிராம் பனியைப் பதங்கமாக்க ஏறத்தாழ 680 கலோரி தேவை. ஒரு கிலோ இறைச்சியில் 700 கிராம் நீர் என்று கொண்டால், அதைப் போக்க வேண்டிய வெப்பம் நாலரை லிட்டர் பனிநீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பம்புக்கும் குளிர்கருவிக்கும் ஆகும் மின்சாரம் தனி. பொட்டலத்தின் விலை ஏன் அப்படி என்று இப்போது தெரிகிறதல்லவா?

அடுத்து, பொட்டலத்தின் மேல் அச்சிட்ட கணக்கு. ஈர உணவில் புரதம் 14 சதவீதம், நீர் 70 சதவீதம் என்றும், உலர் உணவில் புரதம் 42 சதவீதம், நீர் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். எதில் சத்து மிகுதி? 42 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். முதலாவதில் 30 பங்கு திடப்பொருளில் 14 பங்கு புரதம், அதாவது 46.7 சதவீதம். இரண்டாவதில் 95-ல் 42, வெறும் 44.2 சதவீதம்தான்! நீர் போனதால் எண் பெருத்தது, சத்து பெருகவில்லை.

இனி கிருமிக்கு வருவோம். உங்களில் பலருடைய இடது தோளின் கீழ் ஒரு சிறு தழும்பு இருக்கும். காசநோயைத் தடுக்கப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அந்த மருந்தில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள பாக்டீரியாக்கள். சென்னை கிண்டியில் இதைத் தயாரிப்பதற்கென்றே 1948-ல் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. பாக்டீரியாக்களை உயிரோடு காத்துவைக்க அங்கே கையாண்ட வழி என்ன தெரியுமா? இதே உறையுலர் முறைதான்!

ஆம், நீரை இழந்த பாக்டீரியாக்களில் ஒரு பகுதி மடியலாம். மற்றவை பெருகாமல் உறங்கும். நீர் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். கெட்டுப்போகாது என்பது வேறு, கிருமியற்றது என்பது வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-க்கும் 2012-க்கும் இடையே நடத்திய ஆய்வில், வளர்ப்புப் பிராணிகளுக்கான பச்சை உணவு மாதிரிகள் 196-ஐச் சோதித்தார்கள். 15-ல் சால்மொனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியாவும் இருந்தன. நாய் நோயுறாமலே இவற்றைத் தன் கழிவில் பரப்பக்கூடும். சில நிறுவனங்கள் இறைச்சியை ஏறத்தாழ 6,000 வளிமண்டல அழுத்தத்துக்கு உட்படுத்திக் கிருமிகளைக் குறைக்கின்றன. அந்த முறை கையாளப்பட்டதா என்று பொட்டலத்தில் தேடிப் பார்க்கலாம். குறையுமே தவிர, அறவே ஒழியும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே, குளிர்பெட்டி வசதியும் பயணமும்தான் கேள்வி என்றால் உலர்ந்தது வசதி. பணம்தான் கேள்வி என்றால் ஈரமானது மலிவு. கிருமியைப் பொறுத்தவரை இரண்டும் பச்சை இறைச்சியே. கையாண்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றிய மீதத்தைத் தட்டில் விட்டுவைக்கக் கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

இதை மாணவியிடம் சொன்னேன். சற்று யோசித்தவள், "அப்படியானால் தண்ணீர் விட்டு வேகவைத்துக் கொடுக்கலாமா சார்?" என்றாள்.

"தாராளமாக. ஆனால் உன் மாமா அடுத்த முறை இவ்வளவு செலவழிக்க வேண்டாம். வேகவைப்பதற்குத் தெருமுனைக் கடைக் கோழியே போதும்" என்றேன்.