உள்ளங்கை மஞ்சள், கண் வெள்ளை

கோலா கங்சாரில் 1877இல் ஊன்றப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்குப் பின் பேராக் முழுவதும் பரவிய ரப்பர்த் தோட்டங்களில் பல இப்போது செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனைப் பழத்தை நசுக்கினால் விரலில் ஒட்டுகிற செம்மஞ்சள் நிறம் கரோட்டின். கடையில் வாங்கும் தெளிந்த சமையல் எண்ணெயில் அது இருப்பதில்லை, சுத்திகரிப்பில் போய்விடும். ஆனால் கேரட், பரங்கிக்காய், பப்பாளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது இதே நிறமிதான். ஆறு மாதம் முடிந்து இவற்றை மசித்து ஊட்டத் தொடங்கிய சில வாரங்களில் சில குழந்தைகளின் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் மஞ்சளாகும். வீடே மஞ்சள் காமாலை என்று பதறும். பெரும்பாலும் அந்தப் பதற்றம் தேவையில்லை.

வேகவைத்து மசிக்கும்போது காயின் செல்சுவர்கள் உடைந்து கரோட்டின் எளிதாக வெளிவருகிறது. உடல் தனக்கு வேண்டிய அளவை மட்டும் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. மிஞ்சியது இரத்தத்தில் சுற்றி, வியர்வையோடு வெளியேறி, தடித்த மேல்தோலில் படிகிறது. அதனால்தான் நம் மாநிறக் குழந்தைகளுக்கும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அது பளிச்சென்று தெரிகிறது. கண்ணின் வெண்மையில் மட்டும் அது படிவதில்லை. காமாலையை உண்டாக்கும் பிலிரூபின் அப்படியல்ல, கண்ணையும் மஞ்சளாக்கும். கல்லீரல், பித்தக் கோளாறுகளில் சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். ஹெஸ், மையர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் கேரட் தின்ற குழந்தைகளிடம் இந்த நிறமாற்றத்தைக் கண்டு 1919இலேயே எழுதிவிட்டார்கள்.

வைட்டமின் ஏ மிகுந்து நஞ்சாகாதா என்று கேட்கலாம். மாத்திரையாகவோ மீன் ஈரல் எண்ணெயாகவோ அளவு மீறிக் கொடுத்தால் ஆகும். காய்கறிக் கரோட்டினால் ஆகாது, ஏனென்றால் அதை மாற்றும் வேலையை உடலே தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. ‘பயமில்லை’ என்று சொன்னால் உண்மையான காமாலையையும் அசட்டை செய்துவிடமாட்டார்களா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பாலை மட்டுமே குடிக்கும் பச்சிளம் குழந்தையின் மஞ்சளுக்குப் பரங்கிக்காய் மேல் பழி போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் காமாலை முற்றி மூளையைத் தாக்கக்கூடும். மலேசிய மருத்துவமனைகள் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிப்பது இதற்காகத்தான். அந்த வயதில் காலை வெயிலையும் கீழாநெல்லியையும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

திட உணவு தின்னும் குழந்தை நன்றாக விளையாடி, கண்ணும் வெள்ளையாக இருந்தால், காயை அடியோடு நிறுத்த வேண்டாம். தினமும் கேரட்டையே ஊட்டாமல் சோறு, பருப்பு, மீன், முட்டை என்று மாற்றிக் கொடுத்தால் போதும்; சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் தானே மங்கிவிடும். கீரையிலும் கரோட்டின் உண்டு, பச்சை அதை மறைத்திருக்கிறது. உணவை மாற்றியும் மஞ்சள் போகாவிட்டால் தைராய்டையும் கல்லீரலையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். தாய்மார்களே, குழந்தையைச் சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைப் பாருங்கள். கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.