பட்டணத்துக்கு வந்த ஓநாய் மனிதன்



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்திருந்தாள். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். தோட்டம் கைமாறிய பின் குடும்பத்தோடு பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். இப்போது இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள்.

அவள் கையில் ஓர் ஆங்கில நாவல் இருந்தது. அட்டையில் முழு நிலவு. அதன் கீழே ஓநாய் முகத்தோடு ஒரு மனிதன். "இந்தப் பேய்க்கதையெல்லாம் படித்தால் பாடம் எப்படி ஏறும்?" என்று கடிந்துகொண்டு, புத்தகத்தை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

அதில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று அன்றிரவு அகராதியும் கையுமாக அதைப் புரட்டத் தொடங்கினேன். விடியும் வரை கீழே வைக்கவில்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு இத்தகைய கதைகளைப் பற்றித் தேடிப் படித்து அறிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் 'அர்பன் பேண்டஸி' என்கிறார்கள். நாம் நகர மாயக்கதை எனலாம். பழைய மாயக்கதைகள் ஏழு கடல், ஏழு மலை தாண்டி நடப்பவை. நகர மாயக்கதையோ நாம் வாழும் தெருவிலேயே நடக்கிறது. அதில் இரத்தக்காட்டேரி வீட்டு வாடகை கட்டுகிறது; ஓநாய் மனிதன் காலையில் வேலைக்குப் போகிறான். பொந்தியானாக் வாழைமரத்தில் இருக்கும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது ஐந்தாம் மாடியில், நம் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நகர மாயக்கதை.

இக்கதைகளுக்கு வேர் கிராமத்து நம்பிக்கை. ஒரு குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராக மெலிந்து இறந்தால், முதலில் இறந்தவர் கல்லறையிலிருந்து வந்து இரத்தம் குடிக்கிறார் என்று மேல்நாட்டிலும் சிலர் நம்பினர். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், எக்ஸிட்டர் என்ற ஊரில், 1892ஆம் ஆண்டு மெர்சி பிரவுன் என்ற இளம்பெண் இறந்தாள். சில வாரங்களில் அவள் உடலைத் தோண்டி எடுத்து, இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலை நோயுற்றிருந்த அவள் அண்ணனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவனும் இறந்தான். அவர்களைக் கொன்றது காசநோய். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்துவிட்டார். பத்தாண்டுகள் கழிந்தும் அந்த அறிவு அந்தக் குடும்பத்துக்குப் பயன்படவில்லை.

கதையில் இரத்தக்காட்டேரியை நகரத்துக்கு அழைத்து வந்தவர் ஜான் பாலிடோரி. இவர் கவிஞர் பைரனின் மருத்துவர். 1819ஆம் ஆண்டு வெளிவந்த இவருடைய கதையில் இரத்தக்காட்டேரி ஒரு பிரபு. இலண்டன் சீமான்களின் விருந்துகளுக்கு வந்து போகிறவர்.

அடுத்து 1897ஆம் ஆண்டு பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' வந்தது. மலைநாட்டுக் கோட்டையில் வாழும் டிராகுலா, இலண்டனில் தன்னை யாரும் அயலான் என்று அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக ஆங்கிலப் பேச்சைப் பழகுகிறான். இரயில் அட்டவணையையும் படிக்கிறான். அவனை எதிர்ப்பவர்களோ தட்டச்சுப் பொறி, தந்தி, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றைத் துணைக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்ற நான்கு ஆடவர்கள் இரத்தம் கொடுக்கிறார்கள். இரத்தப் பிரிவை யாரும் சோதிப்பதில்லை. சோதிக்கவும் முடியாது. இரத்தப் பிரிவுகளைப் பற்றிய கார்ல் லேண்ட்ஸ்டெய்னரின் கண்டுபிடிப்பு 1901ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

ஓநாய் மனிதனைப் பொறுத்தவரை, 1941ஆம் ஆண்டு வெளிவந்த 'தி வுல்ஃப் மேன்' என்ற ஹாலிவுட் படம் முக்கியமானது. அதன் கதாநாயகன் நல்லவன். ஓநாயிடம் கடிபட்டதால், தன் விருப்பமின்றியே கொலைகாரனாகிறான். அடுத்துப் பலியாகப் போகிறவரின் உள்ளங்கையில் அவனுக்கு ஒரு நட்சத்திரம் தெரிகிறது. அப்படத்துக்குக் கதை எழுதிய கர்ட் சியோட்மாக் ஒரு யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அதே 1941ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யூதர்கள் தங்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, அது வெறும் பேய்ப்படம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

1976ஆம் ஆண்டில் மற்றொரு திருப்பம் ஏற்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ் எழுதிய நாவலில், இரத்தக்காட்டேரியே ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து தன் கதையைச் சொல்கிறது. கொன்று வாழ வேண்டியிருப்பதை எண்ணி வருந்துகிறது. அக்கதையில் என்றும் வளராத ஒரு சிறுமியும் வருகிறாள். ஆன் ரைஸின் சொந்த மகள் ஆறு வயது நிறையுமுன்னே, 1972ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனவள். இதை அறிந்தபின் அந்த நாவலைப் படித்தால் நெஞ்சு கனக்கும்.

ஷார்லைன் ஹாரிஸ் 2001ஆம் ஆண்டு தொடங்கிய கதைத் தொடரில், ஜப்பானியர்கள் செயற்கை இரத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இனி மனித இரத்தம் தேவையில்லை என்று இரத்தக்காட்டேரிகள் வெளியே வந்து, தாங்களும் குடிமக்களாக வாழ இடம் கேட்கின்றன. ஊரில் சிலர் ஏற்கிறார்கள், சிலர் வெறுக்கிறார்கள்.

இந்த வளர்ச்சியைக் கவனியுங்கள், நேயர்களே. பழைய கதைகளில் 'இதை எப்படிக் கொல்வது?' என்பதே கேள்வி. புதிய கதைகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. தனக்குள் இருக்கும் மூர்க்கத்தை ஒருவன் எப்படி அடக்கி வாழ்வது? நம்மிலிருந்து வேறுபட்ட ஒருவரை நம் தெருவில் எப்படி ஏற்பது? கதைக்கு வெளியேயும் நாம் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகளே இவை.

மறுநாள் அந்த மாணவியின் உறவினர் வீட்டுக்குச் சென்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "உனக்கு இதில் யாரம்மா பிடிக்கும்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்த ஓநாய்ப் பையன்தான் ஐயா. அவனும் புது ஊருக்கு வந்தவன். யாருக்கும் அவனைத் தெரியாது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டே பள்ளிக்கூடம் போகிறான்."

பட்டணத்துக்குப் போன இரண்டு ஆண்டுகளில் அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வாய்ப்பு வந்தபோதும் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய நூல்களைப் படித்தால் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, கதை வேறு, நடப்பு வேறு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மெலிந்து இருமினால் மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதற்கு மெர்சி பிரவுனின் குடும்பமே சான்று. இரண்டாவது, அந்தக் கதையில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.