கோயிலில் கூடி வட்டி குறித்தவர்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அமராவதிபுதூருக்கு வருபவர்கள் வீட்டு முகப்பைப் பார்த்து அசந்து நிற்பார்கள். பர்மாத் தேக்குத் தூணைத் தடவுவார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் படமெடுப்பார்கள். கண்ணதாசன் பள்ளிப் பிள்ளையாகப் படித்த ஊர் இது என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் நிற்பார்கள். எனக்கோ இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களின் லேவாதேவி உள்வேலையைப் பார்க்கத்தான் ஆசை. கேம் தியரி என்று ஒரு பாடம் பிறப்பதற்கு முன்பே இங்கே அதை ஆடித் தீர்த்திருக்கிறார்கள்!

முதலாளி இங்கே வீட்டுப் பட்டாலையில். பணம் கடலுக்கு அந்தப்பக்கம், ரங்கூனில். நடுவில் அங்கே கடையை நடத்த ஒரு மேலாள், அவருக்குத் துணையாக ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன். மேலாள் கையாடினால் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? போலீஸைத் தேடவே வேண்டியதில்லை. ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு, அது முடிந்ததும் ஊர் திரும்பிப் பேரேட்டை ஒப்படைக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒன்பது கோயில் செட்டியார்களுக்குள். ஒரு விலாசத்தை, அதாவது ஒரு கடையை, ஏமாற்றியவனுக்கு அடுத்த விலாசம் வேலை கொடுக்காது. பணக்கார வீட்டுப் பிள்ளைகூட முதலில் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்து தொழில் பழகுவதுண்டு. பதினோராம் நூற்றாண்டு மக்ரிபி யூத வணிகர்கள் இதேபோலப் பெயரைப் பணயம் வைத்து ஒருவரையொருவர் கட்டுப்படுத்தியதை 1989-இல் பொருளாதார அறிஞர் அவ்னர் கிரைஃப் கட்டுரையாக எழுதியபோது பொருளாதார உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் செட்டிநாட்டுக்கு வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கோயில். தமிழ் மாதத்துக்கு ஒருமுறை அங்கே கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டியைக் குறிப்பார்கள். தங்களுக்குள் வாங்கிக் கொடுத்துக்கொள்ளும் பணத்துக்கு அந்த மாதம் அதுதான் அளவு. 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள். பணம் தேவைப்படும் ஒரு கடை கால் வட்டி கூடக் கொடுத்து டெபாசிட்டை இழுத்தால் அடுத்த கடை அரை வட்டி ஏற்றும், எல்லாரும் சேர்ந்து மூழ்குவார்கள். 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் வகுத்த 'கைதிகளின் இக்கட்டு' என்ற கேம் தியரிப் புதிரும் இதே முடிச்சுதான். முருகன் சந்நிதியில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசிய சொல்லால் அதை அவிழ்த்தார்கள். அடுத்த மாதமும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டுமே!

இதையே இன்றைக்கு வங்கிகள் கூடிச் செய்தால்? 2002-ஆம் ஆண்டின் இந்தியப் போட்டிச் சட்டம் கார்ட்டெல் என்று கழுத்தைப் பிடிக்கும். அந்தச் சட்டத்துக்குள்ளும் ஓர் ஆட்டம் ஒளிந்திருக்கிறது. கூட்டுச்சதியில் இருந்தவர்களில் முதலில் வந்து முழு உண்மையையும் சொல்பவருக்கு அபராதம் முழுக்கவே தள்ளுபடியாகலாம். கூட்டாளிகளுக்கு நடுவே சந்தேகத்தை விதைத்து அவர்களை அரசே கைதிகளின் இக்கட்டில் உட்கார வைக்கிறது. அருமையான வேலை என்பேன். அங்கே காப்பாற்றப்படுவது அறைக்கு வெளியே இருக்கும் வாங்குபவன்.

மொகல் தெருக் கூட்டத்தில் அந்த வெளியாள் யார்? ஐராவதி டெல்டாவில் நெல் விளைவித்த பர்மிய உழவர். செட்டியார்கள் பல உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்குத்தான் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனில்தான் காடு திருத்தப்பட்டு வயலானது. இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் உழவர் கட்டிய வட்டிக்கு அடித்தளமான நடப்பைக் குறித்த இடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது, ஒரு சொல் கிடையாது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம், ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். உழுவதற்கென்று யாரும் கப்பலேறவில்லை, பணம் வந்தால் போதும் என்றிருந்தவர்கள். ஒவ்வொரு கடைக்கும் ஈட்டை எடுப்பது கணக்குப்படி சரி. எல்லாக் கடையும் எடுத்ததும் பர்மியர் கோபம் முழுக்க அவர்கள் பக்கம் திரும்பியது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது ஓட்டம், 1948-க்குப் பின் நில நாட்டுடைமை.

உத்தியை ரசிக்கும்போதே என்னைக் குடைவது இதுதான். ஆடுபவர்களுக்குள் ஒழுங்கு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், ஆட்டத்தின் விலையைக் கொடுப்பவருக்கு உள்ளே இடம் இல்லையென்றால் அதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கிறார்கள். மொகல் தெருக் கூட்டத்தை அங்கே நடத்திப் பார்க்கச் சொல்வேன். நாலு பேர் கடைக்காரர்கள், ஒருவர் அமராவதிபுதூர் முதலாளி, ஒருவர் டெல்டா உழவர். வட்டி குறிக்கும்போது முதலில் பேசுவது உழவராக இருக்கட்டும். நடப்பு எத்தனை என்று முடிகிறது, பார்க்கலாமே!